அந்தக் கேப்டன் எங்களைப் போல இல்லை

கப்பலை நான் முதன்முதலில் பார்த்தது கள்ளக்குறிச்சியில்தான். கச்சிராயபாளையம் போகும் ரோட்டோரத்தில் இருந்த கீற்றுக் கொட்டகையில், மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தேன். அன்று அந்தக் கொட்டகையில் இருந்தவர்களில் நிஜக் கப்பலில் கால் வைத்தவர் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார்.

படத்தின் ஹீரோ ஒரு கப்பல் கேப்டன். நல்லவன் இல்லை. கூட வேலை செய்கிறவர்களிடம் வாய் கூசாமல் பொய் சொல்வான். அம்மா எழுதும் கடிதங்களைப் பிரிக்காமலே கடலில் போடுவான். தன்னை நம்பி வந்த சொந்தத் தம்பியை ஒரு தீவில் இறக்கிவிட்டு அப்படியே போய்விடுவான். கடைசியில் போலீஸ் படகுகள் சுற்றி வளைக்கும்போது, தன் கப்பலுக்குத் தானே தீ வைத்துவிட்டு நீந்திப் போய், ஏதோ ஒரு கரையில் ஏறுவான். நனைந்த கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு நடப்பான். திரையில் ‘மீதி இரண்டாம் பாகத்தில்’ என்று எழுத்து வரும்.

அந்தக் காலத்தில் இரண்டாம் பாகம் என்பதே புதுசு. தரை டிக்கெட் சனம் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஒரு ரீல் இருக்கிறது, ஆபரேட்டர் மறந்துவிட்டார் என்று நினைத்து விசில் அடித்தார்கள்.

நான் அந்தப் படத்தை ஏழு தடவை பார்த்தேன். அவனைப் போல நான் ஒரு நாளும் இருந்ததில்லை, இருக்க ஆசைப்பட்டதும் இல்லை. ஆனால் அவன் அடுத்து என்ன செய்தான் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. ஹீரோ நம்மைப் போல இருந்தால்தான், அவன் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்க முடிந்தால்தான், அடுத்த பாகம் நமக்குப் பிடிக்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் இன்றைக்கும் எழுதுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த வருடம் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

பிளஸ் டூ முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியில் இருந்து தியாகதுருகம் போகும் வழியில், ரோட்டில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா கரும்பு வெட்டப் போவார், அம்மா நடவுக்குப் போவார். எங்கள் தெரு ஊருக்கு வெளியே, காலனியில். கொட்டகையில் பெண்கள் கவுண்டருக்கு ஆள் வேண்டும் என்று யாரோ சொல்ல, நானே போய்க் கேட்டேன். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். “சனம் முட்டும்மா. சத்தம் போடுவாங்க. தாங்குவியா?” என்றார். “நானும் சத்தம் போடுவேங்க” என்றேன். மறுநாளே வேலை.

கவுண்டர் என்பது ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு அறை. சுவரில் ஒரு கை நுழையும் ஓட்டை. வெளியே இருந்து பார்த்தால் என் முகம் தெரியாது, உள்ளே இருந்து பார்த்தால் அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. கைகள்தான் வரும். நாற்றங்காலின் சேறு நகக்கண்ணில் இருக்கும் கை, மஞ்சள் பூசிய கை, கண்ணாடி வளையல் நிறைய அடுக்கிய கை. எந்தத் தெருக் கை என்று பார்த்துச் சொல்ல முடியாது. நானும் பார்த்ததில்லை. நீட்டிய கையில் டிக்கெட்டைக் கிழித்து வைப்பேன். படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆனதும் கவுண்டரைச் சாத்திவிட்டு, பெண்கள் பக்கத்து மணலில் போய் உட்கார்ந்துகொள்வேன். அப்படித்தான் ஏழு தடவை.

அங்கே எனக்குப் பழக்கமானவர் ஒரு மலைக்கார அக்கா. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் அவர் ஊர். புளியும் கடுக்காயும் கொண்டுவந்து கள்ளக்குறிச்சிக் கடைகளில் போட்டுவிட்டு, மலைக்குத் திரும்பும் பஸ்ஸுக்கு முன்னால் பகல் காட்சி பார்த்துவிட்டுப் போவார். கேப்டன் படத்தை அவர் மூன்று தடவை பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அவனைத் திட்டினார். தம்பியைத் தீவில் விட்டுவிட்டுப் போகும் இடத்தில், “அட நாசமாப் போறவனே!” என்று சத்தமாகவே சொன்னார்.

“அவ்ளோ கோவம் வருதுன்னா இன்னாத்துக்கு யக்கா திரும்பத் திரும்ப வர்ற?” என்று கேட்டேன்.

“நல்லவன் இன்னா பண்ணுவான்னு எனக்குத் தெரியும்டி. இவன் இன்னா பண்ணுவான்னு தெரியல பாரு” என்றார். பிறகு என் கையைப் பிடித்து, “ரெண்டாவது எப்ப வருதுன்னு சேதி சொல்லி உடு. பஸ் டிரைவர்கிட்ட சொன்னாக்கூட போதும்” என்றார்.

இரண்டாம் பாகம் வருவதற்குள் ஊர்த்தெருக்காரர்களின் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் அது எப்படி இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். சுவர் முழுக்க எழுத்து. ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்திருந்தார்கள். தியாகதுருகத்தில் இருந்து பஸ் இல்லை, மலைக்குப் பஸ் இல்லை. படித்த பையன்களுக்குக் காலேஜிலும் வேலையிலும் இடமில்லை என்ற கோபம் அவர்களுக்கு. அந்தக் கோபம் பொய் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு பி.ஏ. படித்தவர் சும்மாதான் இருந்தார், என் அண்ணன். ஆனால் அந்த நாட்களில் எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். நீ யாரு, எந்தப் பக்கம்? டீக்கடையில் அதையே கேட்டார்கள், ரைஸ் மில்லிலும் கேட்டார்கள். தெரிந்தவர்களே தெரியாதவர்களைப் போல நின்று கேட்டார்கள்.

அண்ணனும் என்னைக் கேட்டார். அவர் அப்போது அரசியல் புத்தகங்களைப் படித்துப் பேசும் ஒரு படிப்பு வட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். நிறையப் படிப்பார், நன்றாகப் பேசுவார். என்மேல் ரொம்பப் பாசம். ஆனால் என் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை.

“அந்தப் படத்துல உனக்கு இன்னா இருக்குது?” என்றார்.

“கப்பல் இருக்குது.”

“வெளையாடாத பாப்பா. அவன் யாரு, நாம யாரு? அவன் கோட்டு போட்டுக்கினு சுருட்டு புடிச்சிக்கினு நிக்கறான். அடியில கரி அள்ளிப் போடறாங்களே, அவங்கதான் நாம. அவங்க மொகத்த ஒரு தடவ காட்டுனானா?”

எனக்குச் சுருக்கென்று இருந்தது. அடுத்த காட்சியில் அதையே கவனித்துப் பார்த்தேன். அண்ணன் சொன்னது சரி. கரி அள்ளுகிறவர்களின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஒரே ஒரு இடத்தில் ஒருவர் திரும்புகிறார், அதற்குள் கேப்டனைக் காட்டிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து, “நீ சொன்னது நெசந்தாண்ணா” என்றேன்.

“அப்ப நின்னுடு. நம்ம ஆளு இல்லாத படத்த நாம எதுக்குப் பாக்கணும்?”

அதற்கு எனக்கு அன்று பதில் தெரியவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை. பதில் தெரியவில்லை என்பதற்காகப் பிடித்ததை விட்டுவிட வேண்டுமா?

ஒரு வாரம் கொட்டகை மூடிக் கிடந்தது. ரோடு அடைத்திருந்த கடைசி நாளில்தான் இரண்டாம் பாகத்தின் படப்பெட்டி வந்தது. படத்தோடு கம்பெனி ஆள் ஒருவர் வருவார், ரெப்பு என்போம். சனம் எப்படி ரசிக்கிறது என்று பார்த்து எழுதி அனுப்புவது அவர் வேலை. பாண்டிச்சேரியில் இருந்து பாதி தூரம் லாரியில் வந்து, மீதி தூரத்துக்கு ஒரு சைக்கிளை வாங்கிப் பெட்டிகளைக் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். தியாகதுருகம் தாண்டி வெட்டிப் போட்ட மரத்துக்குப் பக்கத்தில் பையன்கள் மறித்திருக்கிறார்கள். பெட்டியில் என்ன என்று கேட்டார்களாம். கேப்டன் படம், ரெண்டாவது பாகம் என்று சொன்னதும் நாலு பேர் ஓடிவந்து, சைக்கிளையும் பெட்டியையும் சேர்த்தே தூக்கி, மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்களாம். “அந்தத் தம்பி உயிரோட இருக்கானாங்க?” என்று ஒருவன் கேட்டானாம். ரெப்பு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

போஸ்டரைப் பார்த்ததும்தான் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. கோட்டு இல்லை, தொப்பி இல்லை. தலையில் துண்டு, தோளில் ஏர். பின்னால் ஒரு அம்மா கண்ணீரோடு நிற்கிறார். கப்பல் போஸ்டரின் ஒரு மூலையில் பொட்டு மாதிரி இருந்தது.

“முதல் படத்துல ஹீரோ சனங்க மனசுல ஒட்டலன்னு கம்பெனில ஒரே பேச்சு. தன்னை மாதிரி இருக்கறவனத்தான சனங்க பாப்பாங்க? அதான் மாத்திட்டாங்க” என்றார் ரெப்பு. மாற்றியதில் அவருக்குப் பெருமைதான்.

போஸ்டர் ஒட்டிய அன்று சாயங்காலமே முதலாளி என்னைக் கூப்பிட்டார். கூப்பிட்டவர் என் முகத்தைப் பார்க்காமல் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பத்து நாள் வூட்ல இருந்துட்டு வாம்மா.”

“ஏங்க?”

“பசங்க வந்து சொல்லிட்டுப் போறாங்க. இது வெவசாயப் படம், எங்க ஆளு படம், கவுண்டர்ல வேற தெரு ஆளு வேணாங்கறாங்க. நேரம் சரியில்ல. வேலைக்கு ஒண்ணும் ஆவாது, அப்புறம் வந்துக்கலாம்.”

யார் வந்து சொன்னது என்றும் தெரிந்தது. எங்கள் பக்கத்து ஊர்ப் பையன். பத்தாவது வரை என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். போராட்டத்தில் அந்தப் பக்கத்துப் பையன்களுக்கெல்லாம் முன்னால் நின்றவன். கணக்கு வராமல் என் நோட்டைப் பார்த்து எழுதியவன்.

கோபத்தைவிட எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. சுவரில் இருக்கும் அந்த ஓட்டையில் என் விரல் மட்டும்தான் தெரியும். அது இவர்களுக்குத் தாங்கவில்லை. ஒரு ஹீரோ தோளில் ஏரை வைத்ததும், அவன் இன்னாருடைய ஆள் என்று ஆகிவிட்டான். கோட்டு போட்டிருந்தபோது அவன் யாருடைய ஆளாகவும் இல்லை. அப்போது எல்லாரும் மணலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் பார்த்தோம்.

“நான் லீவு போட மாட்டேங்க” என்றேன்.

“அட, சொன்னா கேளும்மா.”

“நாளைக்கு வந்து ஒக்காருவேன். வேணாம்னா எல்லார் முன்னாடியும் நீங்க வந்து எழுந்திரின்னு சொல்லுங்க. எழுந்து போயிடறேன். வூட்ல இருந்துக்கினே நின்னுட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வராது.”

முதலாளி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் அண்ணன், “பாத்தியா, நான் சொன்னேன்ல?” என்றார். அவர் சொன்ன காரணம் வேறு, அந்தப் பையன்கள் சொன்ன காரணம் வேறு. ஆனால் இரண்டு பக்கமும் என்னிடம் கேட்டது ஒன்றுதான், எழுந்து போ என்று. நான் அண்ணனிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. காலையில் நான் கிளம்பும்போது, “நானும் வரட்டுமா?” என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் வந்தால் அது வேறு சண்டை ஆகிவிடும்.

பஸ் இன்னும் சரியாக ஓடவில்லை. நடந்தே போனேன். வெட்டிய மரங்களை ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். இலைகள் இன்னும் காயவில்லை. கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்ததும் சாவியை வாங்கி, கவுண்டருக்குள் நுழைந்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். வேர்த்துக் கொட்டியது. பயம் இல்லை என்று சொன்னால் பொய். டிக்கெட் கட்டை மடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பகல் காட்சிக்குப் பாட்டுப் போட்டதும் சனம் வந்தது. ஒரு வாரமாகக் கொட்டகை மூடிக் கிடந்ததால் கூட்டம் அதிகம். முதல் கை ஓட்டைக்குள் வருவதற்கு முன்னால் ஒரு ஆம்பளைக் குரல் வந்தது.

“உள்ள யாரு?”

“நான்தான். உன்கூட பத்தாவது படிச்சவ.”

அவன் எதிர்பார்க்கவில்லை போல.

“மொதலாளிகிட்ட சொல்லி இருந்தேன்.”

“அவுரு என்கிட்ட சொன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன். இது லேடீஸ் கவுண்டர், தள்ளி நில்லு.”

“மரியாதையா எழுந்து வா. பெரிசாயிடும்.”

அதற்குள் வரிசையில் இருந்த பெண்கள் முண்ட ஆரம்பித்தார்கள். பின்னால் இருந்து ஒரு கனத்த குரல் கேட்டது. “டேய், அங்க இன்னாடா பேச்சு? வழிய வுடு.” அது அவன் அம்மா.

“யம்மா, நீ சும்மா இரு. உனக்குத் தெரியாது.”

“எனக்கு இன்னா தெரியணும்? ஊர சரி பண்ணது போதும், படத்துக்கு எழுத்துப் போடப் போறான்டா! அந்தத் தம்பிக்காரன் செத்தானா பொழச்சானான்னு பாக்கணும். நவுரு.”

பின்னால் இருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். யாரோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும், துணி கிழியும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி, ஒரு கனத்த கை ஓட்டைக்குள் வந்தது. “தரை ஒண்ணு. சுருக்கா குடும்மா.”

கிழித்து வைத்தேன். அதற்குப் பின்னால் கைகள் வந்துகொண்டே இருந்தன.

இதை நான் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பெண்கள் என் பக்கம் நிற்கவில்லை. உள்ளே இருப்பது நான் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்தவர்களுக்கும் அது அன்று முக்கியமில்லை. அவர்கள் கேப்டன் பக்கம் நின்றார்கள். யாருக்கும் பிடிக்காத, யாரைப் போலவும் இல்லாத ஒருவன் அடுத்து என்ன செய்தான் என்று தெரிந்துகொள்ள, பெற்ற பிள்ளையையே தள்ளிவிட்டு உள்ளே போனார்கள். மக்கள் தங்களைப் போல இருக்கிறவனைத்தான் பார்ப்பார்கள் என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தக் கனத்த கைதான் கண்முன் வருகிறது.

கவுண்டரைச் சாத்திவிட்டு உள்ளே போனபோது கேப்டன் கரை ஏறியிருந்தான். ஏறியதும் மயங்கி விழுந்து, எல்லாவற்றையும் மறந்துவிட்டான். ஒரு கிராமத்து அம்மா அவனை எடுத்து வளர்க்கிறார். அவன் மண்ணைத் தொட்டுக் கும்பிடுகிறான். அழுகிறான். ஏர் பூட்டுகிறான், மறுபடி அழுகிறான். அவன் ஏர் பிடித்ததும் ஆண்கள் பக்கத்தில் முதலில் விசில் பறந்தது. போராட்டத்துப் பையன்கள்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரியவரின் குரல் கேட்டது. “அய்ய, ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினு நிக்கறான்! இது இன்னா சைக்கிளா?” கொட்டகையே சிரித்தது. விசில் அடித்தவர்களும் சிரித்தார்கள். அவர்களுக்குத் தெரியாதா, ஏர் எப்படிப் பிடிப்பதென்று?

அதற்குப் பிறகு அவன் எதைச் செய்தாலும் சிரிப்பாக ஆகிவிட்டது. எங்களைப் போல ஒருவனைக் காட்டுகிறேன் என்று வந்து மாட்டிக்கொண்டார்கள். கப்பலில் அவன் தப்பாக எதையாவது செய்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

இடைவேளையில் மலைக்கார அக்கா என்னைத் தேடி வந்தார். நான் பஸ் டிரைவரிடம் சேதி சொல்லி அனுப்ப முடியவில்லை, பஸ்ஸே இல்லை. எப்படியோ கேள்விப்பட்டு, இன்னும் இரண்டு பெண்களோடு மலையில் இருந்து நடந்தே இறங்கி, அடிவாரத்தில் ஒரு டிராக்டரைப் பிடித்து வந்திருந்தார். கால் முழுக்கப் புழுதி. முகத்தில் அப்படி ஒரு கோபம். முதல் பாகத்தில் கேப்டன் தம்பியை விட்டுவிட்டுப் போனபோதுகூட அவ்வளவு கோபம் இல்லை.

“கேப்டன் எங்கடி?”

“அவுருதான் யக்கா இவுரு.”

“இவனா? ஏர் ஓட்டறவன நான் தெனம் பாக்கறேன். என் வூட்டுக்காரன் ஓட்டறான். இதப் பாக்கவா மலையேறி எறங்கி வந்தேன்? அந்தக் கெட்டவன் எங்க போனான்?”

இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் ரெப்பு நின்றிருந்தார். கையில் குறிப்பு எழுதும் நோட்டு. அவர் அக்காவிடம் கேட்காமல் என்னிடம் கேட்டார். “இன்னாம்மா கொறை? நல்லாத்தான இருக்குது? அப்படியே உங்கள மாதிரியே வெச்சிருக்கோம்.”

காலையில் இருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது.

“எங்கள மாதிரி வேணும்னு யாருங்க கேட்டது? கேப்டன் இன்னா ஆனான்னுதான கேட்டோம்? அதுக்கு பதில் சொல்லாம எங்க மூஞ்சியவே எங்களுக்குக் காட்டறீங்க. அதுவும் தப்பாக் காட்டறீங்க. நாங்க மண்ணத் தொட்டுக் கும்புட்டுக்கினு நாள் முழுக்க அழுதுக்கினா இருக்கறோம்?”

“மனசுல ஒட்டணும்ல?”

“ஒட்ட வேணாங்க. எட்டத்துல நின்னே பாக்கறோம். எட்டத்துல இருக்கறத பாக்கத்தான டிக்கெட் எடுக்கறோம்? பக்கத்துல இருக்கறத வூட்லயே பாத்துக்குவோம்.”

அவர் எதையோ எழுதிக்கொண்டார். நான் சொன்னதை எழுதினாரா, இந்தக் கொட்டகையில் வேலை செய்கிற பெண்ணுக்கு வாய் அதிகம் என்று எழுதினாரா, தெரியாது.

படம் நாலு நாள்கூடத் தாங்கவில்லை. ‘எங்க ஆளு’ என்று சொன்னவர்களே இரண்டாம் நாள் வரவில்லை. முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, “மொத பாகத்தையே திரும்பப் போடுங்க” என்றேன். அவர் என்னை முறைத்தார். ஆனால் ஆள் அனுப்பிப் பெட்டியை எடுத்துவந்து போட்டார். போராட்டமும் கொஞ்சம் தணிந்து, பஸ் ஓட ஆரம்பித்திருந்தது. எல்லாப் பக்கத்துச் சனமும் வந்தது. என்னை எழுந்திருக்கச் சொன்னவன் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அவன் அம்மாவின் கை மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை தவறாமல் வந்தது.

அண்ணனுக்கு நான் பதில் சொன்னது அந்த வாரத்தில்தான். இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

“நீ சொன்னத யோசிச்சிப் பாத்தேண்ணா. கரி அள்றவங்க மொகத்த காட்டணும். நானும் கேக்கறேன், உன்கூட வந்து கேக்கறேன். நம்ம ஆளு ஹீரோவா வரணும்.”

“அதத்தான நானும் சொன்னேன்?”

“இல்ல. நீ, நம்ம ஆளு இல்லாத படத்த பாக்காதன்னு சொன்ன. அது வேற. நாளைக்கு நம்ம ஆளு கேப்டனா வந்தா, அவன் பொய் சொல்லலாம், தம்பிய ஏமாத்தலாம், கப்பல கொளுத்தலாம், எல்லாத்துக்கும் உடணும். பாவப்பட்டவனா நின்னு அழறதுக்கு மட்டும் கூப்புட்டா வர மாட்டேன்னு சொல்லணும். மத்தவங்க அவனப் பாக்கும்போது அவங்களும் எட்டத்துல இருந்துதான் பாப்பாங்க. பாக்கட்டும். நான் அவங்க ஆள எட்டத்துல இருந்து பாக்கலியா?”

அண்ணன் கை கழுவிவிட்டு வந்தார். “உன்ன அந்த வட்டத்துக்குக் கூட்டிக்கினு போயிருக்கணும்” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டும் போனார். அங்கேயும் இதையே சொன்னேன். பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவர், இது பொழுதுபோக்குக்காரர்களின் பேச்சு என்றார். “ஆமாங்க, பொழுதும் போவணும்” என்றேன்.

இரண்டு வருடம் கழித்து எனக்கு நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அதை முடித்ததும் முதல் வேலை கல்வராயன் மலையில், கிராமத்து நர்ஸாக. எடை பார்க்கும் தராசையும் மாத்திரைப் பையையும் தூக்கிக்கொண்டு வெள்ளிமலையைச் சுற்றி ஊர் ஊராக நடப்பேன். ஒரு நாள் மலைக்கார அக்காவின் ஊருக்கும் போனேன். என்னைக் கண்டதும், “டிக்கெட்டுக்காரி வந்துட்டா!” என்று கத்தினார். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பெரும்பாலானவர்கள் மலையை விட்டு இறங்கிக் கொட்டகையில் படமே பார்க்காதவர்கள். ஆனால் எல்லாருக்கும் கேப்டனைத் தெரிந்திருந்தது.

“இவதான் எனக்கு அந்தப் படத்துக்கு டிக்கெட் குடுத்தவ” என்று அக்கா அறிமுகப்படுத்தினார். ஒரு பெண் குழந்தையை என் தராசுத் தொட்டிலில் போட்டுக்கொண்டே கேட்டாள். “கப்பல கொளுத்திட்டு வேற கப்பல்ல பேர மாத்திக்கினு வேலைக்கு சேந்தானே, அப்ப அந்தத் தம்பி தொரத்திக்கினு வர்றானாமே, நெசமா?”

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கொஞ்சமும் அசரவில்லை.

“படத்துல அப்படி இல்லையே யக்கா. ஏர் ஓட்டிக்கினு இருந்தானே?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“அது வேற யாரோட படமோ. பொட்டி மாறி வந்துடுச்சி” என்றார் அக்கா.

பிறகு என்னையும் உட்கார வைத்தார்கள். தம்பியின் கையில் கேப்டன் அகப்பட வேண்டுமா, தப்பிக்க வேண்டுமா என்று அவர்களுக்குள் பெரிய சண்டை. அகப்பட்டால் கதை முடிந்துவிடும் என்று நான் தப்பிக்கிற கட்சியில் சேர்ந்தேன். அக்காவின் ஓரகத்தி, அவனைச் சுறாவாவது கடிக்கட்டும் என்றாள். ஒரு கால் மட்டும் போகட்டும் என்று அன்றைக்கு முடிவானது.

அந்த மலையில் நான் மூன்று வருடம் வேலை செய்தேன். தடுப்பூசி போடும் நாளில், கூப்பிடாமலே பெண்கள் வந்து சேர்ந்ததற்குப் பாதிக் காரணம் கேப்டன்தான். நான் மாற்றலாகிக் கீழே இறங்கியபோது கதை ஐந்தாம் பாகத்தில் இருந்தது. அவன் திருந்தவில்லை.